பாதாளத்தில் நம் எடை

மலையின் மீது ஏறினால் மனிதனுடைய எடை சிறிது குறையும் என்பது பலர் கேள்விப்பட்ட சங்கதி. பூமியின் நடுவிலிருந்து விலக விலக அதன் ஆகர்ஷணம் தளர்கிறது. ஆகையால் எடையும் குறைகிறது. இதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. ஆனால் மேலே ஏறாமல் கீழே இறங்கினால் என்ன ஆகும்? கிணற்றுக்குள்ளும், சுரங்கத்துக்குள்ளும், அதற்கும் அப்பால் பாதாளத்துக்கும் ஒருவன் இறங்கிக்கொண்டே போனால் அவனுடைய எடை கூடுமா, குறையுமா?

படித்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ‘குறையும்’ என்றே பதில் வரும். பள்ளிப் புத்தகத்தில் அதற்கு ஒரு சூத்திரமும் இருக்கிறது. படியாதவர்களைக் கேட்டால் ‘கூடும்’ என்று சொல்லுகிறவர்களும் உண்டு. பூமாதேவியின் மடியை நெருங்க நெருங்க அவள் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ள மாட்டாளா என்பது அவர்களுடைய வாதம். இந்த வழக்கில், மனிதன் இதுவரை இறங்கியிருக்கும் ஆழம் வரையில், படியாதவர் பக்கமே தீர்ப்பு என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அந்த வியப்புக்குக் காரணம் என்ன என்பதைச் சற்று விசாரிப்போம்.

தங்கவயலுக்குப் போன வழி

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், நாகநதியின் அருகே, வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்தது எங்கள் கண்ணமங்கலம். இங்கிருந்து ரயிலேறிக் காட்பாடி சேர்ந்து, ஜோலார்பேட்டை வழியாகப் பங்காருப்பேட்டைக்குப் போய், அங்கே கிளைப் பாதையில் மாறினால் மாரிக்குப்பம் என்னும் கடைசி ஸ்டேஷனில் இறங்கலாம். அதுவே கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் கம்பெனியார் அங்கே வேலை தொடங்கிய நாள் முதல், பழைய வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து, பஞ்சத்துக்கும் கடனுக்கும் ஊர்க் கட்டுப்பாட்டின் கொடுமைக்கும் தப்பி அவ்வழியே சென்றவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களில் மிகப் பலர் நிலமில்லாத, தீண்டாமைக்கு ஆளான ஏழை மக்கள். மண்ணுக்கு மேலே அவர்களுக்கு ஒரு காணி நிலம் இல்லை. ஆகையால் மண்ணுக்குக் கீழே போனார்கள்.

அவர்கள் போன ஆழம் சாமானியமானதன்று. தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர், அதாவது ஏறத்தாழ 10,500 அடி ஆழம் உடையது. தரைமட்டத்திலிருந்து கூண்டில் ஏறி, ஒரு ஷாப்டு மாறி மறு ஷாப்டில் இறங்கிச் செல்ல வேண்டும். தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேலே உயர்ந்த பீடபூமியில் இருக்கிறது. அப்படியிருந்தும் சுரங்கத்தின் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்தது. அங்கே பாறையின் உஷ்ணம் 60 டிகிரிக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினாலன்றி மனிதன் நிற்க முடியாது. மேலே உள்ள பாறையின் பாரம் தாளாமல் சுவர்கள் திடீரென்று வெடித்துச் சிதறுவதும் உண்டு. நுண்ணிய கல்தூசி நுரையீரலில் படிந்து, வேலையை விட்டு வந்த பிறகும் ஆளைத் தின்னும்.

அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் பௌதிகம் படிக்கிறார்கள். ‘ஆழம் கூடக் கூட ஈர்ப்பு குறையும்’ என்று பாடம் நடக்கும்போது, “அப்படியானால் என் பாட்டனார் பத்தாயிரம் அடிக்குக் கீழே இலேசாக இருந்தாரா?” என்று ஒரு பிள்ளை கேட்டால், நாம் என்ன சொல்வது? சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி ‘ஆம்’ என்று சொல்லிவிடலாம். அது சுலபமான பதில். ஆனால் உண்மையான பதில் அன்று.

மூன்று நூற்றாண்டுக் கேள்வி

பொருள்கள் தாமாகக் கீழே விழவில்லை, பூமி தன் சொந்தச் சக்தியால் அவற்றைத் தன்பால் இழுக்கிறது என்ற கருத்து நம் தேசத்துக்குப் புதியதன்று. 1150-ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய ‘சித்தாந்த சிரோமணி’யில் அது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்காக நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் பெருமைக்கும் ஓர் அளவு வேண்டும். இழுக்கிறது என்று அறிவது ஒன்று. எவ்வளவு இழுக்கிறது, எந்த இடத்தில் அதிகம், எந்த இடத்தில் குறைவு என்று அளப்பது மற்றொன்று. இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் ஐரோப்பிய விஞ்ஞானிகள். அதை ஒப்புக்கொள்வதனால் பாஸ்கரருடைய புகழுக்குக் குறைவு வந்துவிடாது.

1620-ஆம் ஆண்டில் பிரான்ஸிஸ் பேக்கன் என்ற ஆங்கில அறிஞர் ஒரு யோசனை சொன்னார். ஈயக் குண்டின் கனத்தால் ஓடும் கடிகாரம் ஒன்றும், சுருள்வில்லின் விசையால் ஓடும் கடிகாரம் ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சமமாக ஓடும்படி திருத்தி, ஓர் உயர்ந்த கோபுரத்தின் உச்சிக்கும், பிறகு ஆழமான ஒரு சுரங்கத்துக்கும் கொண்டுபோக வேண்டும். குண்டின் கனம் மாறினால் அந்தக் கடிகாரம் பிந்தும் அல்லது முந்தும். வில்லுக்குக் கனத்தோடு சம்பந்தமில்லை. எவ்வளவு எளிய யுக்தி! தராசில் நிறுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். சாதாரணத் தராசினால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏனெனில் பொருளின் கனம் கூடும்போது எதிர்த் தட்டில் உள்ள படிக்கல்லின் கனமும் அதே அளவு கூடிவிடும். ஆகையால் கடிகாரமோ, சுருள்வில் தராசோதான் வேண்டும்.

பின்னர் 1660-களில் ராபர்ட் ஹூக் என்பவர் ஆழமான கிணறுகளில் இறங்கிச் சோதனை செய்து பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் புலப்படவில்லை. அவர் கருவிகள் அவ்வளவு நுட்பமானவை அல்ல. நம் ஊர்க் கிணறு ஒன்று 100 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், அதன் அடியில் இறங்கும் 60 கிலோ மனிதனுக்கு உண்டாகும் மாறுதல் ஆறு நெல்மணிகளின் எடைதான்! அதைப் பதினேழாம் நூற்றாண்டுக் கருவி எப்படிக் காட்டும்?

1687-ல் நியூட்டன் தம் நூலை வெளியிட்டார். அதில் இந்த விஷயத்துக்கு ஆதாரமான ஓர் உண்மையை நிரூபித்தார். உள்ளே வெற்றிடமான ஓர் உருண்டைக் கூட்டுக்குள் ஒரு பொருள் எங்கே இருந்தாலும், அந்தக் கூடு அதை எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. எல்லாத் திசைகளின் இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பதே அது. வெங்காயத்துக்குள் ஓர் எறும்பு துளைத்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எறும்பு தாண்டி வந்த தோல்கள் அத்தனையும் அதைப் பொறுத்த வரையில் இல்லாதவைக்குச் சமம். இன்னும் கீழே மிஞ்சியிருக்கும் உள் உருண்டை மட்டுமே அதை இழுக்கும்.

லாபமும் நஷ்டமும்

ஆகவே பூமிக்குள் இறங்குகிறவனுக்கு ஒரே சமயத்தில் இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. ஒன்று, அவன் பூமியின் நடுவை நெருங்குகிறான். அதனால் ஆகர்ஷணம் கூட வேண்டும். இது லாபம். மற்றொன்று, அவன் தாண்டி வந்த மேலோடு கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. அதனால் ஆகர்ஷணம் குறைய வேண்டும். இது நஷ்டம். லாபம் பெரிதா, நஷ்டம் பெரிதா என்பதுதான் கேள்வி முழுவதும்.

இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. பூமியின் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6.4 கிலோமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆகர்ஷணம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் மாறுவதால், நெருங்கியதனால் வரும் லாபம் ஆயிரத்தில் இரண்டு பங்கு. தாண்டி வந்த மேலோடோ, பூமியின் கன அளவில் ஆயிரத்தில் மூன்று பங்கு. பூமி முழுதும் ஒரே அடர்த்தியுள்ள பொருளால் ஆனதாக இருந்தால், பாரத்திலும் அது ஆயிரத்தில் மூன்று பங்காகவே இருக்கும். லாபம் இரண்டு, நஷ்டம் மூன்று. நிகர நஷ்டம் ஒன்று. பள்ளிப் புத்தகத்தின் சூத்திரம் சொல்வது இதைத்தான்.

ஆனால் பூமி அப்படி ஒரே சீரான பொருளால் ஆனதா? இல்லை. 1798-ல் ஹென்றி காவெண்டிஷ் ஈயக் குண்டுகளின் நுண்ணிய இழுப்பை அளந்து, பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று கண்டார். இன்று கணக்கிட்டிருப்பது 5.5 மடங்கு. ஆனால் ஜவ்வாது மலையின் பாறையில் ஒரு துண்டை உடைத்து நிறுத்துப் பாருங்கள். அது தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்குதான் இருக்கும். மேலே இருப்பது பூமியின் சராசரியில் பாதிக் கனமே உடையது. அப்படியானால் மிகக் கனமான பொருள் உள்ளே ஆழத்தில் இருக்க வேண்டும். பூமி என்பது இரும்புக் குண்டின்மேல் பஞ்சைச் சுற்றியது போன்றது. பஞ்சைக் கடந்து செல்பவனுக்குப் பஞ்சை இழந்த நஷ்டம் சிறிது; இரும்பை நெருங்கிய லாபம் பெரிது.

மேலே சொன்ன கணக்கை இப்போது திருத்துவோம். மேலோட்டின் அடர்த்தி சராசரியில் பாதி என்றால், நஷ்டம் ஆயிரத்தில் மூன்று அல்ல, ஒன்றரை. லாபம் இரண்டு, நஷ்டம் ஒன்றரை. நிகர லாபம் ஆயிரத்தில் அரை. எடை கூடுகிறது! பொதுவாக, நாம் கடந்து செல்லும் பாறையின் அடர்த்தி, நமக்குக் கீழே உள்ள உருண்டையின் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருக்கும் வரையில் எடை கூடிக்கொண்டே போகும். ஐந்தரையில் மூன்றில் இரண்டு பங்கு என்பது சுமார் 3.7. மனிதன் தோண்டும் சுரங்கங்களில் பாறையின் அடர்த்தி பெரும்பாலும் இதற்குக் குறைவே. ஆகவே எந்தத் தேசத்துச் சுரங்கமானாலும் கீழே போகிறவன் பொதுவில் கனத்துக்கொண்டேதான் போகிறான்.

ஹார்ட்டன் சுரங்கத்தில் இரண்டு ஊசல்கள்

இது வெறும் காகிதக் கணக்கன்று, அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கில வான சாஸ்திரி, இளைஞராக இருந்த 1826-ல் கார்ன்வால் பிரதேசத்தில் உள்ள டால்கோத் சுரங்கத்தில் முதல் முயற்சி செய்தார். கருவிகளைக் கயிற்றில் கட்டி ஷாப்டு வழியாக ஏற்றிவந்தபோது, பொதிந்திருந்த வைக்கோலில் தீப்பற்றி யாவும் குழிக்குள் விழுந்துபோயின. 1828-ல் மறுபடியும் போனார். இம்முறை சுரங்கத்தில் பாறை சரிந்து, தண்ணீர் இறைக்கும் இயந்திரம் நின்று, வெள்ளம் ஏறத் தொடங்கிவிட்டது. இரண்டு முறை தோற்றவர் இருபத்தாறு வருஷம் காத்திருந்தார்.

1854-ல் இங்கிலாந்தின் அரசாங்க வான சாஸ்திரி என்ற உயர்ந்த பதவியில் இருந்தபோது, வடக்கே சௌத் ஷீல்ட்ஸ் என்ற ஊரில் உள்ள ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். மேலே ஓர் ஊசல். 1,256 அடிக்குக் கீழே மற்றோர் ஊசல். இரண்டு இடத்துக் கடிகாரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க, அக்காலத்தில் புதிதாக வந்திருந்த மின்சாரத் தந்திக் கம்பியைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். ஊசலிலேயே ஏதாவது குறை இருந்தால் அது கணக்கைக் கெடுக்காதபடி, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி வைத்துப் பார்த்தார்கள்.

கீழே வைத்த ஊசல் ஒரு நாளைக்கு 2.24 விநாடி முந்தியது. அதாவது கீழே ஆகர்ஷணம் சுமார் 19,000-ல் ஒரு பங்கு அதிகம். பேக்கன் 1620-ல் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த அளவைக் கொண்டு ஏரி பூமியின் சராசரி அடர்த்தியையும் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை 6.57. உண்மையைவிட அது ஐந்தில் ஒரு பங்கு அதிகம். சுரங்கத்தைச் சுற்றிலும் உள்ள பாறைகளின் கனத்தைச் சரியாக அறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சாட்சி. ஆயினும் எடை கூடுகிறதா, குறைகிறதா என்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்த எச்சரிக்கை பிற்காலத்துக்கும் பயன்பட்டது. 1980-களில் ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் ஆகர்ஷணத்தை அளந்தவர்கள், நியூட்டனுடைய விதிக்குச் சற்று மாறான விடைகளைக் கண்டார்கள். இயற்கையில் நாம் அறியாத ஐந்தாவது விசை ஒன்று உண்டோ என்று உலகமெங்கும் பேச்சு எழுந்தது. பல இடங்களில் திருப்பித் திருப்பி அளந்து பார்த்ததில் அப்படி ஒரு விசை அகப்படவில்லை. சுற்றுப்புறத்து மேடுபள்ளங்களைக் கணக்கில் சேர்த்ததில் இருந்த குறையே அந்த மயக்கத்துக்குக் காரணமென்று தெளிந்தது.

ஒன்றரைச் சவரன்

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்குத் திரும்புவோம். ஹார்ட்டன் சுரங்கத்தைப்போல் எட்டு மடங்குக்கு மேல் ஆழமானது நம் சாம்பியன் ரீப். அதன் 3,200 மீட்டர் என்பது பூமியின் ஆரத்தில் ஆயிரத்தில் அரைப் பங்கு. பாறை 2.75 மடங்கு அடர்த்தியுள்ளதாக இருந்தால், 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு அடித்தளத்தில் 15 கிராம் கூடும். தங்கவயலின் கறுத்த பாறை சாதாரணக் கருங்கல்லைவிடச் சற்றுக் கனமானது; அது 3 மடங்கு என்று வைத்துக்கொண்டால் 11 கிராம் கூடும். ஆக, கணக்குப்படி 11-க்கும் 15-க்கும் இடைப்பட்ட கிராம்கள். ஒரு சவரன் 8 கிராம் அல்லவா? சுமார் ஒன்றரைச் சவரன் எடை!

நாள்தோறும் தங்கப் பாறையை உடைக்கப் போன தொழிலாளி, அடித்தளத்தில் கால் வைத்ததும் ஒன்றரைச் சவரன் கனத்தான். வேலை முடிந்து கூண்டேறி மேலே வரும்போது அந்த ஒன்றரைச் சவரனையும் பூமி திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது. வாயிலில் நிறுத்திச் சோதனை போட்ட காவல்காரனால் இதை எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பள்ளிப் புத்தகத்தின் சூத்திரப்படி கணக்கிட்டால் என்ன வருகிறது? அதே மனிதனுக்கு 30 கிராம் குறைய வேண்டும். விடை அளவில் மட்டுமா தவறு? திசையிலேயே தவறு. கூடுவதைக் குறைவதாகச் சொல்லுகிறது. மலையேற்றத்தோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். கண்ணமங்கலத்திலிருந்து ஜவ்வாது மலையில் 500 மீட்டர் உயரம் ஏறினால், விலகிப் போவதனால் எடை குறையும். காலடியில் உள்ள மலையின் பாரம் அந்தக் குறைவில் ஒரு பகுதியை ஈடுகட்டும். முடிவில் 60 கிலோ மனிதனுக்கு 6 கிராம் அளவு குறைகிறது. ஏறினால் குறைவு, இறங்கினால் கூடுதல். இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே விதிதான்.

அதற்கும் கீழே

அப்படியானால் நடுவரையில் எடை கூடிக்கொண்டே போகுமா? போகாது. பூமியின் நடுவில் எல்லாத் திசையிலும் சமமாக இழுக்கப்படுவதால் அங்கே எடை அறவே இல்லை. எங்கேயோ ஓரிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கத் தொடங்க வேண்டும். அந்த இடம் எது? 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத் துளைத்த ரஷ்யாவின் கோலா துளைதான் மனிதன் தோண்டியவற்றில் மிக ஆழமானது என்று பேர்பெற்றது. பூமியின் ஆரத்தோடு ஒப்பிட்டால் அது மாம்பழத் தோலில் ஊசி குத்தியது போன்றது. ஆகையால் உள்ளிருப்பதை நேரில் பார்த்து அறிய வழியில்லை. பூகம்பங்களே அதை நமக்குச் சொல்லிக் கொடுத்தன.

இதில் இந்தியாவுக்கு ஒரு பெரும் பங்கு உண்டு. 1897-ஆம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி அஸ்ஸாமில் நேர்ந்த பயங்கரமான பூகம்பத்தை, இந்திய பூகர்ப்ப இலாகாவில் வேலை பார்த்த ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டுஹாம் என்பவர் ஆராய்ந்தார். பூகம்ப அலைகள் வெவ்வேறு வகையாக, வெவ்வேறு வேகத்தில் பிரயாணம் செய்கின்றன என்பதைப் பிரித்துக் காட்டினார். அந்த அறிவைக் கொண்டே, 1906-ல், பூமிக்குள் தனியான ஒரு கருப்பகுதி உண்டு என்பதை நிலைநாட்டினார். 1936-ல் டென்மார்க் தேசத்துப் பெண்மணி இங்கே லேமன், அந்தக் கருவுக்குள்ளும் ஓர் உட்கரு இருப்பதைக் கண்டறிந்தார்.

இவ்வாறு தொகுத்த அறிவின்படி பூமிக்குள் எடையின் சரித்திரம் வருமாறு: தரையிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் வரையில் பாறை. இங்கே ஆழம் கூடக் கூடப் பாறையும் நெருங்கிக் கனத்துக்கொண்டே போவதால் லாபமும் நஷ்டமும் ஏறக்குறையச் சமமாகிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சென்றும் எடை அதிகம் மாறுவதில்லை. ஆனால் மேற்பரப்பில் இருந்ததைவிடக் குறைவதும் இல்லை. பாறை முடிந்து உருகிய இரும்பு தொடங்கும் எல்லையில்தான் எடை உச்சத்தை அடைகிறது. மேலே 60 கிலோவாக இருந்தவன் அங்கே 65 கிலோவாக இருப்பான். அதற்குக் கீழே கனத்த இரும்பையே கடந்து செல்வதால் நஷ்டம் மேலோங்குகிறது. 5,150 கிலோமீட்டர் ஆழத்தில், உட்கரு தொடங்கும் இடத்தில், அவன் 27 கிலோ. 6,371 கிலோமீட்டரில் ஒன்றுமில்லை. நடுவுக்குப் போகும் பயணத்தில் ஏறத்தாழப் பாதித் தூரம் வரையில் நம் பள்ளிச் சூத்திரம் பொய்த்துப் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

சூத்திரமும் உண்மையும்

சூத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம் அன்று. ‘பூமி ஒரே சீரான அடர்த்தியுள்ள உருண்டையாக இருந்தால்’ என்று ஒரு வாசகத்தை முன்னால் வைத்தே அது பிறக்கிறது. அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கணிதப் பயிற்சிக்கு அது நல்ல சூத்திரம். ஆனால் பரீட்சைக்கு அவசரமாகப் படிக்கும் பிள்ளை முதலில் மறப்பது அந்த ஒரு சொல்லைத்தான். நாளடைவில் ‘இருந்தால்’ உதிர்ந்துபோய், ‘ஆழத்தில் எடை குறையும்’ என்ற முடிவு மட்டும் வேத வாக்காக நிலைத்துவிடுகிறது. பூமியைப் பற்றிக் கேட்டால் பூமியைப் பாராமல் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் வழக்கம் அங்கிருந்தே ஆரம்பமாகிறது.

இதற்குப் பரிகாரம் மிகச் சுலபம். சூத்திரத்தை நடத்திய மறு நிமிஷமே, ஒரு கருங்கல் துண்டை நூலில் கட்டி, காற்றில் ஒரு முறையும் தண்ணீரில் மூழ்கவிட்டு ஒரு முறையும் சுருள்வில் தராசில் நிறுக்கச் சொல்லலாம். அடர்த்தி எவ்வளவு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அது ஐந்தரைக்குப் பாதியாக இருப்பதைக் கண்டதும், ‘அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது?’ என்று அவர்களே கேட்பார்கள். லாப நஷ்டக் கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் போடுவான். நாகநதிப் படுகையில் பொறுக்கிய ஒரு கல்லைக் கொண்டு பூமியின் வயிற்றில் இரும்பு உண்டு என்று ஊகிக்க முடியும் என்றால், கிராமப் பள்ளிக்கு ஆராய்ச்சிசாலை இல்லையே என்ற குறை ஓரளவு நீங்குமல்லவா?

தங்கவயலின் பெயரும் அந்தப் பாடத்தில் வரவேண்டும் என்பது என் ஆசை. பூமியின் ஆழம் அங்கே விஞ்ஞானத்துக்கும் பயன்பட்டிருக்கிறது. வானத்திலிருந்து வரும் கதிர்களை மேலே உள்ள பாறை தடுத்துவிடுவதால், அங்கே சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் கூடி, 1965-ல், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் மிக நுண்ணிய துகளின் அடையாளத்தைக் கண்டார்கள். உலகத்தில் அதை முதலில் கண்ட இடங்களில் அது ஒன்று. அந்தக் கருவிகளும் விஞ்ஞானிகளும் இறங்கிய ஷாப்டைத் தோண்டியவர்கள் நம் ஜில்லாக்களின் கூலி மக்கள்.

சுரங்கத்தை 1956-ல் மைசூர் அரசாங்கம் கம்பெனியாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி என்ற மத்திய அரசு ஸ்தாபனம் ஏற்பட்டது. 2001-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. இறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் ஷாப்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. நூற்றிருபது வருஷ காலத்தில் அதிலிருந்து சுமார் 800 டன் தங்கம் வெளிவந்ததாகச் சொல்லுகிறார்கள். வேலையிழந்தவர்களில் பலர் அங்கேயே வரிசை வீடுகளில் தங்கினார்கள். பெங்களூருக்கு ரயிலேறித் தினக்கூலிக்குப் போய் வருகிறவர்களும் அவர்கள் குடும்பங்களில் உண்டு. தோண்டிய தங்கம் அவர்களிடம் தங்கவில்லை.

ஆகையால் அந்தப் பேரப் பிள்ளை கேட்கும்போது, நாம் இப்படிப் பதில் சொல்லலாம்: “இல்லை, தம்பி. உன் பாட்டனார் அங்கே இலேசாக இருக்கவில்லை. மேலே இருந்ததைவிடச் சற்றுக் கனமாகவே இருந்தார். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்.” கணக்கைப் பிள்ளையிடமே விட்டுவிட வேண்டும். ஒன்றரைச் சவரன் என்ற விடை அவன் கையாலேயே வரட்டும்.